இணைப்பு அறுந்ததா, சாதனம் போனதா?

கொழும்பு 06

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்துக்கொண்டு வேலை தேடுகிறாள். நீர் எழுதிய விடயம் என்னை வேறெதையும் நினைக்க விடவில்லை என்பதால் நேராக அதற்கே வருகிறேன். ஒருவரும் கைவைக்காத என்விஎம்இ டிஸ்க் (மிக வேகமான சேமிப்பகச் சாதனம்) ஒன்று சேவரிலிருந்து மறைந்து, சில விநாடிகளில் வேறொரு பெயருடன் திரும்பி வந்தது என்றும், அதற்குள் அதன் மேலிருந்த கோப்பு முறைமை பயனற்றுப் போய்விட்டது என்றும் எழுதியிருந்தீர். புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன்னர் இதை வாசியும். டிஸ்கில் சிறிய பழுது ஏதேனும் இருந்திருக்கலாம். ஆனால் உமக்கு நேர்ந்த சேதம், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் இருக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று கேளாமல் ஒரே நிகழ்வைக் கையாண்டதால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

சாதனங்களைக் கணினியுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் திருத்த முடியாத பிழை ஒன்று வரும்போது, பழுதான தரவு மேலே பரவாதபடி சாதனத்துக்கு மேலுள்ள போர்ட் தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். டிபிசி எனப்படும் இந்த வசதிக்கான ஆதரவு லினக்ஸுக்கு 2016இல் வந்தது. துண்டித்த பின்னர் கேர்னல், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் பிழை நேர்ந்ததை அறிவித்து, இணைப்பை மீட்டு, வேலையைத் தொடரச் சொல்ல வேண்டும். டிஸ்க் அதே டிஸ்க்காக, அதே பெயருடன் இருக்க வேண்டும். ஆனால் அதே போர்ட்டை, கணினி ஓடும்போதே சாதனங்களைச் செருகுவதையும் கழற்றுவதையும் கையாளும் ஹொட்பிளக் டிரைவரும் கவனித்துக்கொண்டிருக்கிறது. இணைப்பு விழுந்தது என்ற செய்தி அதற்குக் கிடைத்ததும், யாரோ டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள் என்று கொண்டு, டிரைவரைப் பிரித்துச் சாதனத்தையே கேர்னலின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. மீட்பு முடிந்து இணைப்பு எழும்போது அது புதிதாகச் செருகப்பட்ட சாதனமாகப் பதிவாகிறது. நீர் கண்டது இதுவாகவே இருக்க வேண்டும்.

2021இல் வந்த லினக்ஸ் கேர்னலின் 5.14ஆம் பதிப்பில் இதற்கு ஒரு தீர்வு செய்தார்கள். இணைப்பு விழுந்த செய்தி வந்தால் ஹொட்பிளக் டிரைவர் முதலில் அது டிபிசியால் நேர்ந்ததா என்று பார்க்கிறது. ஆம் எனில் மீட்பு முடியும் வரை அதிகபட்சம் 4 விநாடிகள் காத்திருந்து, மீட்பு வெற்றியானால் அந்தச் செய்தியைப் புறக்கணிக்கிறது. இத்துடன் நிறுத்தியிருந்தால் அது அரைகுறைத் தீர்வாக இருந்திருக்கும், ஏனெனில் மீட்பு நடந்துகொண்டிருக்கும் அந்த இடைவெளியில் உண்மையாகவே ஒருவர் டிஸ்க்கைக் கழற்றியிருந்தால், அதற்கான செய்தியும் சேர்ந்தே புறக்கணிக்கப்பட்டிருக்கும். ஆகவே புறக்கணித்த பின்னர் இணைப்பு உண்மையில் உயிருடன் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, இல்லையெனில் அந்தச் செய்தியைத் தானே மீண்டும் உருவாக்கி, சாதனம் நீங்கியதாகவே நடந்துகொள்கிறது. காத்திருப்பதை யாரும் யோசித்திருப்பார்கள். காத்திருந்த பின் தன் முடிவையே மீண்டும் சோதித்தது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. டிஸ்க்கை உண்மையாகவே திடீரெனக் கழற்றினால் அதுவும் ஒரு பிழையாகவே போர்ட்டுக்குத் தெரியும்; டிபிசி கிளம்பும்; இல்லாத சாதனத்தை மீட்கக் கேர்னல் முயலும். ஹொட்பிளக் வசதியுள்ள போர்ட்டில் இவ்வகைப் பிழை வந்தால் அதைக் கழற்றியதாகவே கொள்ள வேண்டும் என்ற திருத்தம் 2024இல்தான் சேர்ந்தது.

ஐபிஎம் பவர் இயந்திரங்களின் கதை இதைவிடப் பழையது. அங்குள்ள ஈஈஎச் என்னும் ஏற்பாடு, பிழை செய்த சாதனத்தை உறையவைத்துவிடும். அதன் பிறகு எதை வாசித்தாலும் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே வரும். ஒரு மணி நேரத்துக்குள் 5 தடவைக்கு மேல் உறைந்தால் அந்தச் சாதனம் நிரந்தரமாக ஒதுக்கப்படும். ஆனால் மீட்பு வேலை சாதனப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சென்றுகொண்டிருக்கும்போது ஹொட்பிளக் அதே பட்டியலிலிருந்து ஒன்றை அழித்துவிட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டுக் கேர்னலே விழுந்துவிடும். சாதனங்களைச் சேர்க்கவும் நீக்கவும் பிடிக்கும் அதே பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலையே பட்டியலைத் தொட விடும் ஏற்பாடு) ஈஈஎச்சும் பிடிக்க வேண்டும் என்று 2025இல் திருத்தினார்கள். பூட்டைப் பிடிக்கச் சொல்வது எளிது, எந்த ஒழுங்கில் பிடிப்பது என்பதுதான் கடினம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஹொட்பிளக் டிரைவரில், நீக்கும் பாதை, சாதனத்தை மறுதொடக்கும் ரீசெட்டுக்குரிய பூட்டைப் பிடித்துக்கொண்டு சாதனத்தின் பூட்டுக்காகவும், ரீசெட் செய்யும் பாதை சாதனத்தின் பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகவும் முடிவின்றிக் காத்துக் கிடக்கும் நிலை இருந்தது; அதை 2023இல் நீக்கினார்கள்.

ஆகவே பிழை மீட்பையும் ஹொட்பிளக்கையும் தனித்தனியே எழுதிப் பின்னர் இணைக்கலாம் என்று நினைப்பது தவறு என்பதே என் கருத்து. இரண்டுக்கும் கிடைக்கும் சான்று ஒன்றுதான். அதற்கு என்ன பொருள் என்பதை இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

உம்முடைய சேவரில் முதலில் கேர்னலின் பதிப்பைப் பாரும், 5.14க்கு முந்தியது என்றால், உம்முடைய லினக்ஸை வழங்கும் விநியோகத்தார் இத்திருத்தத்தைப் பழைய பதிப்புக்கும் கொணர்ந்து சேர்த்தார்களா என்று விசாரியும். அடுத்து, பிழைகளைக் கையாளும் உரிமையை இயந்திரத்தின் அடிப்படை மென்பொருளான ஃபேம்வெயர் கேர்னலுக்குக் கொடுத்திருக்கிறதா என்பதை, இயந்திரம் தொடங்கும்போது எழுதப்படும் பூட் லொக்கில் தேடிப் பாரும். கொடுக்காமல் வைத்திருந்தால் நான் மேலே சொன்ன காத்திருப்பு உம்முடைய இயந்திரத்தில் இயங்காமல் போயிருக்கலாம். டிஸ்க் மறைந்த நேரத்தை ஒட்டிய லொக் வரிகளை முழுதாக எனக்கு அனுப்பிவையும். இணைப்பு விழுந்த வரிக்கு அருகில் டிபிசியின் வரி இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
உம்முடைய பழைய நண்பன்