ஆடித் தள்ளுபடி சனிக்கிழமையும் எங்கள் சர்வரும்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி சனிக்கிழமை மாலை 6:40-க்கு நின்ற எங்கள் பில்லிங் புரோகிராம், 7:27-க்குத்தான் திரும்பி வந்தது. கூட்டம் நெரிக்கும் நேரத்தில் கார்பன் வைத்துக் கையால் பில் எழுதிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஏற்றும் சேலைப் படங்களால், உங்கள் பில்களைச் சேமிக்கும் எங்கள் சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியது நாங்கள்தான்.

ஆனால் அதற்கப்புறம் வாட்ஸாப்பில் சுற்றும் ஒரு பேச்சுதான் உறுத்துகிறது. "மூணு சர்வர் போட்டு கிளஸ்டர் ஆக்கியிருந்தா நின்னிருக்காது, காசை மிச்சம் பிடிக்கத்தான் இவங்க போடல" என்கிறார்கள். கிளஸ்டர் என்றால் பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டுவது. அவர்கள் சொல்லும் வகையில் மூன்று சர்வரிலும் இருப்பது ஒரே டேட்டா. அதே படங்கள் மூன்று டிஸ்க்கையும்தான் நிரப்பியிருக்கும்.

அதோடு, நாங்கள் போட்டுப் பார்க்காமலும் இல்லை. தை மாதம் ஆபீஸில் மூன்று மெஷின் வைத்து, கனி மார்க்கெட் கடை ஒன்றின் டேட்டாவை அவர்கள் சம்மதத்தோடு நகலெடுத்து, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் கலேரா என்னும் கிளஸ்டரில் ஏற்றினோம். முதல் நாளே பில் நம்பர் 1, 4, 7, 10 என்று தாவியது. கோளாறு இல்லை, அதன் வழக்கமே அதுதான்: எண்கள் மோதாமலிருக்க ஒவ்வொரு சர்வரும் மூன்று மூன்றாகத் தாண்டும். ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 2-ம் 3-ம் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சரி, எண்ணைத் தனி டேபிளில் வைத்து நாமே கூட்டிக்கொள்வோம் என்று மாற்றினோம். இரண்டு கவுண்டர்கள் வெவ்வேறு சர்வரில் ஒரே நொடியில் பில்லை முடித்தால், ஒரு பில் கடைசிக் கட்டத்தில் 'டெட்லாக்', அதாவது இரண்டும் மோதிக்கொண்டன, என்று திரும்பி வந்தது. அந்த எண்ணை வேறு பில் எடுக்காதபடி ஒரு சர்வரில் போட்ட பூட்டு மற்றதற்குத் தெரியாது. அப்படித் திரும்பும் பில்லை புரோகிராமே மறுபடி அனுப்ப வேண்டும். எங்கள் புரோகிராம் ஒற்றை சர்வரை நம்பி எழுதியது, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கை வைக்க வேண்டும். எழுதுகிறவர்கள் நான்கு பேர். நள்ளிரவில் ஒரு சர்வர் பின்தங்கி மற்றவற்றையும் இழுத்தால் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், அவரும் சித்திரையில் பெங்களூர் போய்விட்டார்.

பில்களைப் பதிவதை ஒரு சர்வரில் மட்டும் வைத்தால் இந்தத் தகராறு இல்லை என்பது உண்மைதான். அதற்கு மூன்று சர்வர் கிளஸ்டரைக் கட்டி மேய்ப்பானேன்? முதல் சர்வரில் பதிவதை நகலெடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு நகல் சர்வர் பக்கத்தில் இருந்தால் போதும். அதைத்தான் இப்போது வைத்திருக்கிறோம். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பினாலே இனி என் போனில் மணி அடிக்கும். முதல் சர்வர் விழுந்தால் எங்கள் ஆள் கையால் மாற்றுவார், பத்து நிமிடம் பிடிக்கும். விழுந்த நேரத்துக் கடைசி சில பில்கள் நகலுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், அவற்றை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணம் புரட்டாசி முதல் ஆண்டுக்கு 1,200 ரூபாய் கூடும்.

அன்று இரவு, "பரவாயில்லப்பா, மொதல்ல சாப்பிடு" என்று எங்கள் பையன்களுக்குப் பரோட்டா வாங்கி அனுப்பிய அண்ணாச்சிக்கும், ஒரு வார்த்தை கடிந்து பேசாத உங்கள் கவுண்டர் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

வரும் ஞாயிறு இரவு 11 மணிக்கு நகல் சர்வருக்கு மாற்றி ஒத்திகை பார்க்கிறோம். அந்தக் கால் மணி நேரம் பில் போட வேண்டாம்.

அன்புடன்,
உரிமையாளர், ஈரோடு