கைடு வருவாரு, கிளட்ச் நம்ம கையிலதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வெளிநாட்டு பைக் டூர் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அருமை, ஆனா நடுவுல "கைடு கூடவே வர்றதால எதுக்கும் கவலைப்பட வேண்டாம்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதைப் படிச்சுட்டுதான் இதை எழுத உக்காந்தேன். நானும் அதே மாதிரி ஒரு வரியை நம்பித்தான் ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு குரூப்போட கிளம்பினேன். கைடு வழி காட்டுவாரு, ரூம் போட்டு வைப்பாரு, வண்டி மக்கர் பண்ணா பின்னாடி வேன் வரும், எல்லாம் சரிதான். வண்டிய நமக்குப் பதிலா அவரு ஓட்ட மாட்டாரே.

இத்தாலில ஸ்டெல்வியோன்னு ஒரு கணவாய். 2757 மீட்டர் உயரம், பிராட்டோங்கற ஊர் பக்கமிருந்து ஏறினா 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க. ஆரம்பத்துலயே ஒரு வலதுபக்க வளைவு. அங்க ரோட்டுக்கு வலதுபக்கமாத்தான் ஓட்டணும்கறதால வலது வளைவுதான் ரொம்ப இறுக்கமா இருக்கும், இடதுபக்கமாவே ஓட்டிப் பழகின நமக்கு அது அப்படியே தலைகீழ். முன்னாடி போன கார் சட்டுனு நின்னுச்சு, நானும் முன் பிரேக்கைப் புடிச்சேன், எஞ்சின் ஆஃப், வலது காலை ஊன்றப் போனா தரை ஒரு சாண் கீழ இருக்கு. அவ்ளோதான். 249 கிலோ வண்டி சாவகாசமா சாயுது, கூடவே நானும் சாயுறேன். வேகம்னு பாத்தா நடக்குற வேகம்கூட இல்ல.

தூக்க வந்த இன்னொரு ரைடர் வண்டிய உடனே தூக்கல, முதல்ல சைடு ஸ்டாண்டை வெளிய தள்ளினாரு, அப்புறம் கியர்ல போட்டாரு. வலதுபக்கம் விழுந்த வண்டிய அப்படியே தூக்கினா வந்த வேகத்துல இடதுபக்கம் போய் விழுந்துடுமாம், ஸ்டாண்டு போட்டிருந்தா அதுல போய் நின்னுக்கும். இருபது வருசமா பைக் ஓட்டுறேன், இதை நட்டநடு ரோட்டுல ஹாரன் சத்தத்துக்கு நடுவுலதான் கத்துக்கிட்டேன்.

அதனால நான் சொல்றது, போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே காலி மைதானமா பாத்து மெதுவா ஓட்டிப் பழகுங்க. ஹேண்டிலை முழுசா ஒடிச்சு யூ டர்ன், எட்டு போடுறது, ஏத்தத்துல நிறுத்தி திரும்பக் கிளப்புறது. பாதி கிளட்ச், பின் பிரேக்ல லேசா கால், கண்ணு வளைவு முடியுற இடத்துல, இது மூணும் யோசிக்காம தானா வரணும். நூறுல போறது யாருக்கும் கஷ்டமில்ல, பத்துல திருப்புறதுதான் கஷ்டம். புக்கிங் ஃபார்ம்ல பைக் லிஸ்ட்டு வந்தா வண்டி பெருசா இருக்குன்னு என்னை மாதிரி பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸை டிக் பண்ணிடாதீங்க, அதுக்கு சீட்டே 850 மில்லிமீட்டர் உயரம், எனக்கு ரெண்டு பக்கமும் நுனிக்கால்தான் எட்டுச்சு.

பேப்பர் விஷயம் அடுத்தது. எங்க குரூப்ல ஒருத்தர் வெளிநாட்டுல ஓட்டுறதுக்கான இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எடுத்துட்டுத்தான் வந்தாரு, ஆனா அதுல கார் வகைக்கு மட்டும் சீல் இருந்துச்சு, பைக் வகைல இல்ல. ஆறு நாளும் மனுசன் வேன்ல சூட்கேஸ்களோட சூட்கேஸா வந்தாரு, பாவம். பர்மிட்லயே 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒண்ணு, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒண்ணுன்னு ரெண்டு மாதிரி இருக்கு, ஜப்பான் 1949 பர்மிட்டைத்தான் ஏத்துக்கும், அதனால போற நாடு எதைக் கேக்குதுன்னு பாத்துட்டு எடுங்க, ஒரிஜினல் லைசென்ஸும் கைல இருக்கணும். அதே மாதிரி டூர்காரங்க இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னா அது வண்டிக்கா நம்ம உடம்புக்கான்னு கேளுங்க. பயணக் காப்பீடு நிறைய 125 சிசிக்கு மேல பைக் ஓட்டினா செல்லாதுன்னு குட்டி எழுத்துல போட்டிருக்கும்.

கூட்டமா ஓட்டுறது தனிக் கலை. நேர் ரோட்டுல மாத்தி மாத்தி ரெண்டு வரிசை, நமக்கு நேர் முன்னாடி போறவருக்கும் நமக்கும் ரெண்டு செகண்ட் இடைவெளி, வளைவு வந்தா ஒத்தை வரிசை. திருப்பம் வந்தா கைடு கையைக் காட்டுவாரு, அவருக்கு அடுத்தாப்ல வர்றவர் பின்னாடி வர்றவங்களுக்கு வழி காட்ட அங்கயே ஓரமா நிக்கணும், கடைசி ரைடர் வர்ற வரைக்கும் நகரவே கூடாது. நான் ஒரு திருப்பத்துல பத்து நிமிசம் நின்னேன், ஒரு ஈ காக்கா வரல, சரி மறந்துட்டாங்க போலன்னு கிளம்பிட்டேன். பின்னாடி வந்த ரெண்டு பேரு நேரா போய் அடுத்த பள்ளத்தாக்குல இறங்கிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது யாரும் எங்கிட்ட பேசல. தப்பு என்னுதுதான். முன்னாடி போறவரு வேகத்தைத் துரத்தவும் வேண்டாம், கைடுக்கு அந்த ரோடு தினசரி வேலை.

டிரெஸ்ஸுக்குக் கடைக்காரங்களே நிறைய சொல்லுவாங்க, அதனால ரெண்டே விஷயம். ஷூவோ கிளவுஸோ புதுசா வாங்கிப் பிரிக்காம பெட்டில வைக்காதீங்க, ஊர்லயே ஓட்டிப் பழக்குங்க. காதுக்கு பிளக் வாங்குங்க, ஹைவேல ஹெல்மெட்டுக்குள்ள அடிக்கிற காத்து சத்தம் காதைக் கெடுக்குற அளவுக்கு இருக்கும், சாயங்காலம் தலை வலிக்கிறதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். குளிரைப் பொறுத்தவரை ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரிக்கு மேல குறையும்னு கணக்கு வச்சுக்கிட்டு மேல போட்டுக்க இன்னொரு துணிய பெட்ரோல் டேங்க் மேல மாட்டுற டேங்க் பேக்லயே வைங்க, சூட்கேஸ்ல வச்சா அது வேன்ல போயிடும், வேன் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி வரும்.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போட்டா மலை படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டு, பர்மிட்ல எந்த வகைக்கு சீல் இருக்கணும்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க சார். வேன்ல வந்த அந்த மனுசனும் உங்க பேப்பர் வாசகர்தான்.

இப்படிக்கு
ஸ்டெல்வியோவுல விழுந்து எழுந்த ஒரு வாசகி