பள்ளியில் ஆர்த்தவம், வீட்டில் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாயை ‘அந்த மூன்று நாட்கள்’ என்று சொல்லி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறவள் என்பதால் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நான் வண்டிப்பெரியாறில் இருக்கிறேன். அம்மா 30 வருஷத்துக்கு மேல் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர். மகள் மலையாளப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. டீச்சரிடமும் கூட்டாளிகளிடமும் மாதவிடாயை மலையாளத்தில் ‘ஆர்த்தவம்’ என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அதே பிள்ளை வீட்டுக்கு வந்து தமிழுக்கு மாறியதும் குரலைத் தாழ்த்தி, ‘அம்மா, தூரம்’ என்கிறாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். எனக்கு என் அம்மா. தூரம், தீட்டு, வீட்டு விலக்கு... பெண்ணை எங்கே நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்கிற வார்த்தைகள்தான் எல்லாம். உடம்பில் என்ன நடக்கிறது என்பது ஒன்றிலும் இல்லை.

அம்மாவுக்கு 45 வயது வாக்கில் தலைசுற்றல் வந்தது. கொழுந்து மூட்டையோடு மேட்டில் ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ‘தலை சுத்துது, கால் வலிக்குது’ என்பதோடு சரி. டாக்டர் மலையாளி. அம்மா சொன்னதை அவருக்கு மலையாளத்தில் எடுத்துச் சொன்னது எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், இருக்கிற அண்ணன் ஒருவர். அந்த அண்ணன் முன்னால் அம்மா தூரத்தைப் பற்றி எப்படிச் சொல்வார்? சத்து மாத்திரையோடு திரும்பி வருவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு ஜூன் மாதம், விடாத மழை. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் பழைய சேலை ஒன்று விரித்துக் கிடந்தது. எடுத்தால் அதற்கு அடியில் வரிசையாகத் துணிகள். எண்ணினேன், 14. எல்லாம் ஒரே நாளில் மாற்றியவை. அன்றைக்குத்தான் கேட்டேன். மாதத்தில் 15 நாள் ரத்தம் போகிறது என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பம் ஊரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. முதலில் பார்த்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை, அவர் காதுக்கு விஷயமே போகவில்லையே. ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலும், மணிக்கு ஒரு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எஸ்டேட்டில் துணி மாற்ற இன்றும் பல பேருக்குத் தேயிலைச் செடி மறைவுதான். அங்கே அட்டைக்கடி வேறு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, கைக்கெட்டும் இடத்தில் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது 1951இல். 2015இல் மூணாறில் போனஸுக்கும் கூலிக்கும் நடுரோட்டில் உட்கார்ந்தது எங்கள் தமிழ்ப் பெண்கள்தான். யாருக்கும் பயப்படாத அவர்களால்கூட ‘துணி மாத்தணும்’ என்று சூப்பர்வைசரிடம் சொல்ல முடிவதில்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாய்க்காக மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவீதம் சலுகை கொடுத்தது. அரசும் அதே மாதம் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு அதை விரித்தது. டிவி முழுக்க ‘ஆர்த்தவ அவதி’ என்றே பேச்சு. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. அம்மாவுக்கு அது தமிழ் அவதியாகவே காதில் விழுந்திருக்கிறது. ‘ஆமா, அவதிதான். நான் பட்டிருக்கேன்’ என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார். மருமகன் முன்னால் அம்மா அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவரும் எழுந்து போகவில்லை. ‘அப்ப ஏன் அத்தை சொல்லாம இருந்தீங்க?’ என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் வெகுநேரம் பேசினோம். மகளும் கூட இருந்தாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். ‘அந்த மூன்று நாட்கள்’, ‘பெண்கள் பிரச்சினை’ என்றெல்லாம் உங்கள் இதழில் இனி எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் வாசிப்பார். மாதவிடாய் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.