ரத்தக்கசிவு நின்ற பிறகும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா ஓரிரு வார்த்தை பேச ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே எல்லோரும் நலம், நான் வேலை மாறிவிட்டேன், அந்தக் கதை அடுத்த கடிதத்தில். நீ கேட்டதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது: மூளையில் ரத்தக்கசிவு நின்றுவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்ன பிறகும் நாலாம் நாள் ஏன் அவருக்கு நினைவு மங்கியது, நாம் எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்று.

இல்லைடா. முதல் சில மணி நேரத்தில் ரத்தம் கட்டியாகச் சேர்ந்து பக்கத்துத் திசுவை நசுக்குகிறது. அங்கிருந்த செல்கள் அப்போதே போய்விடும். கட்டி மேலும் பெரிதாகாமல் இருக்கத்தான் அவசரமாக பிபியைக் குறைக்கிறார்கள். இது சட்டென்று புரிகிறது. அதற்குப் பிறகு நாள்கணக்கில் நடப்பதைத்தான் வீட்டாருக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை, அதில் எனக்கு வருத்தம்.

வெளியே வந்த சிவப்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைகின்றன. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். ரத்தக்குழாய்க்குள் இருக்கும்வரை ஆக்சிஜனைச் சுமந்த அதே இரும்பு, சிதைந்து தனியாக வந்துவிட்டால் நரம்பு செல்லுக்கு விஷம். 30 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் இருக்கும். மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்கள் முடிந்தவரை விழுங்கிப் பார்க்கின்றன, ஆனால் அவை ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீம் என்ற பகுதியை உடைக்கும்போதும் இரும்பு வெளியே வருகிறது. அது செல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. பழைய எண்ணெயில் காறல் வாடை வருவதும் இந்த மாதிரி வினையால்தான். குளூட்டாதயோன் என்ற காவல் இருக்கிறது, அது தீர்ந்ததும் சவ்வு கிழிந்து செல் சாகிறது. இந்தச் சாவுக்கு 2012இல்தான் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரே வைத்தார்கள். எல்லாச் செல்லும் இப்படியே சாவதில்லை. ரத்தம் உறையும்போது உண்டாகும் த்ராம்பினும் செல்களைக் கெடுக்கிறது, இரண்டும் சேர்ந்து மூளையில் வீக்கத்தை ஏற்றுகின்றன, அது ஒன்றிரண்டு வாரம் வரைகூடக் கூடிக்கொண்டே போகலாம். அப்பாவுக்கு நாலாம் நாள் வந்தது பெரும்பாலும் இந்த வீக்கமாகத்தான் இருக்கும். எதற்கும் ஸ்கேனை வைத்து டாக்டரிடமே கேட்டுவிடு.

இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்சமைன் மருந்தை இதற்காகச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவில், மருந்தால் ஆபத்து இல்லை, ஆனால் 90 நாளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நான் அதோடு நம்பிக்கையை விடமாட்டேன். சாவு நாள்கணக்கில் நடக்கிறது என்றால் குறுக்கே புக நேரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதைப் படித்துவிட்டு அவர் சாப்பாட்டில் இரும்பைக் குறைக்கக் கிளம்பிவிடாதே, அது தலைக்குள்ளேயே கொட்டிய ரத்தத்தின் இரும்பு. பிபி மாத்திரை மட்டும் ஒருவேளைகூடத் தவறக் கூடாது. பிசியோதெரபி தொடங்கியாகிவிட்டதா, பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? எழுது.

உன்
பழைய நண்பன்