அலமாரியைத் திறந்துவிடுங்கள்

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். குழந்தைகள் பாட்டுப் புத்தகங்களை இரவல் தரும்படி நான் எழுதிய மூன்று விண்ணப்பங்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன. அதனால் முன்கதையைத் திரும்பச் சொல்லவில்லை. கர்நாடக இசைப் பாடல்களைப் படங்களோடு குழந்தைகளுக்குச் சொல்லும் அந்த ஏழு புத்தகங்களும் இன்னும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டித்தான் இருக்கின்றன. ‘குறிப்புதவி நூல், இரவல் கிடையாது’ என்ற சீட்டும் அப்படியே இருக்கிறது. சாவி நூலகரிடம் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை, என்னிடம் பாட்டுக் கற்கும் ஏழு வயதுச் சிறுமியை அங்கே அழைத்துப் போனேன். அவள் அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, அட்டையில் இருந்த மயிலையே பார்த்தாள். “அந்த மயிலுக்கு என்ன பாட்டு, டீச்சர்?” என்றாள். காவடிச் சிந்து என்றேன். “அடுத்த பக்கத்தில்?” மலை என்றேன். “என்ன நிறம்?” என்று கேட்டாள். புத்தகங்கள் வந்த வாரம் ஒரே ஒருமுறை புரட்டியதோடு சரி, எனக்கு நினைவில்லை. ஒரு குழந்தை மலையின் நிறத்தைக் கேட்கிறது, புத்தகம் இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

படம் அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று தொடக்கப் பயிற்சிகளாக மாதக்கணக்கில் வெறும் ஸ்வரங்களையே பாடி, முதல் பாட்டான மலஹரி ராகக் கீதத்தை எட்டும் முன்பே நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பற்றிக்கொள்ள ஒரு சொல்லோ கதையோ அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதே பிள்ளையிடம் ராமாயணத்தைக் கீர்த்தனைகளாகப் பாடிய அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டு ஒன்றைப் படத்தோடு கொடுத்துப் பாருங்கள். வில், ஓடம், பொன்மான் என்று படத்தைப் பிடித்துக்கொண்டே சரணங்களின் வரிசையைச் சொல்லிவிடும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் இது கைகூடுகிறது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தில் பல சொற்கள் அதற்குப் புரியாது. ஆனால் காவடி தூக்கி நடப்பவனின் காலடி அந்த அடிகளிலேயே இருக்கிறது. கால் தானாகத் தாளம் போடும். நீலாம்பரி ராகத்தைத் தாலாட்டாகத் தொட்டிலிலேயே கேட்ட குழந்தை, அதன் பெயரைப் பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படும் தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றிய பெரியசாமித் தூரன்தான் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் பதிப்பாசிரியர். கீர்த்தனை எழுதிய கைக்குக் குழந்தைப் புத்தகம் சிறிய வேலையாகத் தெரியவில்லை.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிறைகின்றன. முன்வரிசையில் எத்தனை குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த இசை போதும் என்று யார் முடிவு செய்தது? வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் அதை வாடகையில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் வாங்கி, முத்திரையிட்டு, பதிவேட்டில் ஏற்றி, யாரிடமிருந்து இந்தப் புத்தகங்களைக் காப்பாற்றுகிறீர்கள்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: அந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள். உறுப்பினர் அட்டை உள்ள குழந்தைகளுக்கு மற்ற நூல்களைப் போலவே இவற்றையும் வீட்டுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் படங்களைக் கிழித்துவிடுவார்கள் என்பது உங்கள் கவலை. கிழியலாம். ஒட்டித் தருவது என் பொறுப்பு. ஒட்ட முடியாமல் போனால் அதன் விலையை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறேன். அதை எழுத்திலும் தருகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மாணவர்கள் பதினொரு பேரோடு நூலகத்துக்கு வருகிறேன். அதற்குள் சாவியை நூலகரிடம் ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருத்தி,
சென்னை