செப்டம்பர் விடுமுறைப் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் விடுமுறையில் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் மூத்த வகுப்புப் பிள்ளைகளை மேற்கு கேப் மாகாணத்தின் வூஸ்டர் ஊரில் உள்ள கரூ பாலைவனத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். டர்பனிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

"மறுபடியுமா?" என்று சிலர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். போன தடவை டிசம்பரில் கூட்டிப் போனது என் தப்பு. நமக்கு இங்கே மழை கோடையில்; டிசம்பர் என்றால் கண்ட இடமெல்லாம் பச்சை. வூஸ்டரில் தலைகீழ். வருஷத்துக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில். "சார், இந்தப் புதரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை வசந்தத்தில் போகிறோம். குளிர்கால மழை குடித்த, சதைப்பற்றுள்ள ஃபேகிச் செடிகள் ஊதாவும் ஆரஞ்சுமாகச் சரிவு முழுக்கப் பூத்திருக்கும். வெயில் ஏறினால்தான் அந்தப் பூ விரியும். மேகம் மூடினால் சுருங்கிக்கொள்ளும். அதனால் பதினோரு மணிக்குத்தான் உள்ளே நுழைவோம். மேகம் ஏமாற்றினால் இருக்கட்டும் என்று ஒரு நாள் கூடுதலாகவும் வைத்திருக்கிறேன்.

கோக்கர்பூம் மரத்தின் கிளையைக் குடைந்து இந்நாட்டுப் பழங்குடிகளான சான் மக்கள் அம்பு வைத்துக்கொண்டார்கள். அம்பறாத்தூணி என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். மரத்தடியில் நிறுத்திச் சொல்லிப் பார்க்கிறேன்.

கூழாங்கல் மாதிரியே இருக்கும் செடிகளும் உண்டு. இரண்டே இலை, நடுவில் ஒரு பிளவு; கல்லோடு கல்லாகக் கிடக்கும். போன தடவை திரும்பும் வழியில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில், ரொட்டித் துண்டுக்கு அடியில், ஒன்று அகப்பட்டது. வழியோரம் ஓய்வுக்கு நின்ற இடத்தில் பிடுங்கியதாம். ஆசையில் எடுத்ததுதான், ஆனால் இது சட்டப்படி குற்றம். இந்தச் செடிகளைத் திருடி விற்றுச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். புறப்படும்முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

முதல் இரவு புளூம்ஃபொன்டெய்னில் தங்கல். 1891ல் வந்த சட்டத்தால் இந்தியர் அந்த ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் குடியேறவே முடியாது. 1980களில்தான் அது ஒழிந்தது. என் அப்பா அந்த வழியில் எங்கும் படுக்காமல் விடிய விடிய வண்டி ஓட்டுவார். தாத்தா, ஆயா யாருக்காவது அந்த நாள் ஞாபகம் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் மைக்கீஸ்ஃபொன்டெய்னில் தேநீர். 1921ல் பூங்கா தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான். 1945ல்தான் வூஸ்டருக்கு மாறியது.

புரட்டாசி என்பதால் வழியெல்லாம் சைவம்தான். பெட்ரோல் பங்கில் இறைச்சி பை (pie) வாங்கக் காசு கொடுத்தனுப்ப வேண்டாம். புளிச்சோறு, பீன்ஸ் கறி, ரொட்டி என்று முதல் நாளுக்கான பாட்கோஸ் (வழிச்சாப்பாடு) கட்டிக்கொடுங்கள். ஊறுகாய் பாட்டிலை மட்டும் தவிருங்கள். போன தடவை உடைந்த எண்ணெய்க் கறை பஸ் இருக்கையில் இன்னும் இருக்கிறது.

இரவில் குளிரும், ஜாக்கெட் அவசியம். வண்டியில் வாந்தி வரும் பிள்ளைகளின் பெயரைச் சம்மதப் படிவத்தின் பின்பக்கம் எழுதினால் முன் இருக்கை ஒதுக்குகிறேன். படிவம் அடுத்த சனிக்கிழமைக்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா