குளிருக்கு மூன்று சொல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மா கோபமாக இருப்பாள் என்று தெரியும், தப்பு என்னுடையதுதான். ஒரே மாதிரி தோன்றும் ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே போடுவது என்று பரீட்சைக்கு முன் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் நாம் வழுக்குகிறோம். அதனால் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதே. அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று ஜோடியாகவே எழுதிவை. ‘உயரமான’ என்பதை எடுத்துக்கொள். ஆள், மரம், கம்பம் என்று ஒடுங்கி நிமிர்ந்து நிற்பதற்கு ‘டால்’. மலை, மேகம் என்று அகன்றதற்கும் எட்டத்தில் இருப்பதற்கும் ‘ஹை’. ‘ஹை மேன்’ என்று எழுதிவிடாதே.

‘மூத்த’ என்பதிலும் இதே சிக்கல். ‘எல்டர் பிரதர்’ சரி. ஆனால் ‘எல்டர் தேன் (than) மீ’ தப்பு. ‘தேன்’ வந்தால் ‘ஓல்டர்’தான்.

நீ கடிதத்தில் ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதியிருந்தாய். அதற்கு ‘நான் ஒரு அறுவை’ என்று பொருள்! ‘எனக்கு போர் அடிக்குது’ என்று தமிழில் நினைப்பதால் வரும் பிழை இது. உணர்வை உண்டாக்குவது ‘இங்’கில் முடியும், அதை அனுபவிப்பவருக்கு ‘எட்’. பாடம் போரிங், நீ போர்ட். இன்ட்ரஸ்டிங், இன்ட்ரஸ்டட் எல்லாமே இப்படித்தான்.

இங்கே குளிரா என்று அம்மா கேட்டிருந்தாள். அதற்கும் சொல் பிரியும். இதமாக இருந்தால் ‘கூல்’, உடம்பு சிரமப்பட்டால் ‘கோல்ட்’, தண்ணீரே உறையும் 0 டிகிரி பக்கம் ‘ஃப்ரீஸிங்’. கடைசியானதன் முன்னால் ‘வெரி’ போடக் கூடாது, மிகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. ‘அப்சல்யூட்லி’ போடலாம். ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் எனக்குக் குளிருகிறது, ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் சளி. அம்மாவிடம் ‘கூல்’ என்று மட்டும் சொல்.

‘எகனாமிக்’ பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, ‘எகனாமிக்கல்’ சிக்கனமானது. நான் எகனாமிக்கலாக இருக்கிறேன், எகனாமிக் பிராப்ளம் ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

நீ கேட்ட கடைசி ஜோடி, ‘அலோனும்’ ‘லோன்லியும்’. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அலோன். அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘ஆன் அலோன் மேன்’ தப்பு, ‘ஹி இஸ் அலோன்’ சரி. மனம் ஆளைத் தேடினால் லோன்லி, அது இரண்டு இடத்திலும் வரும். கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் லோன்லியாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எனக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரிகிறது.

சரி, அதை விடு. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? பணம் அடுத்த மாதம் முதல் வாரம் வரும், அதுவரை மாமாவிடம் கைமாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள். அத்தைக்குத் தர வேண்டியதையும் அதிலேயே தீர்த்துவிடலாம். பரீட்சை முடிந்த அன்றே எழுது.

அன்புடன்,
அண்ணன்